கற்பிக்கப் போனவர் கற்ற மொழி

புதிய மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குகிறவன், எத்துணைப் படித்தவனாயினும், அன்று மீண்டும் குழந்தையாகி விடுகிறான். தாகத்திற்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் கடைத்தெருவில் நிற்கும்போது அவன் பெற்ற பட்டமும் பதவியும் துணைக்கு வருவதில்லை. அந்த நிலையை இழிவென்று கருதுவோர் பாதி வழியில் திரும்பி விடுகின்றனர். அதனைப் பேறென்று கருதுவோர் மொழியையும் பெறுகின்றனர். அம்மொழி பேசும் மக்களையும் பெறுகின்றனர். இவ்வாறு ஒரு மொழியின் வாயிலாக ஒரு நாட்டையே தம் நாடாகப் பெற்றவர் ஹோமர் பெசலீல் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர். கொரிய நாட்டில் அவர் பெயரை அறியாதார் சிலரே. நம் நாட்டில் அறிந்தார் சிலரே. கொரியப் பாடல்களையும் தொடர்களையும் கேட்டு அம்மொழியைக் கற்க ஆர்வம் கொண்டுள்ள நம் மாணவ நண்பர்கள் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுடையது. அவருடைய கதையில் நம் தமிழுக்கும் ஓரிடம் உண்டு என்பது இன்னொரு காரணம்.

பிறப்பும் கல்வியும்

ஹல்பர்ட் 1863-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கால்வின் ஹல்பர்ட் சமய போதகர். மிடில்பரிக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவர். கல்வியும் ஒழுக்கமும் இருகண்களெனப் போற்றப்பட்ட அக்குடும்பத்தில் வளர்ந்த ஹல்பர்ட், புகழ்பெற்ற டார்ட்மத் கல்லூரியில் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரில் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டு பயின்றார்.

அந்நாளில் கொரியா வெளியுலகிற்குக் கதவடைத்திருந்த நாடு. 1882-இல்தான் அமெரிக்காவோடு உடன்படிக்கை ஏற்பட்டது. மேனாட்டுக் கல்வியைத் தம் நாட்டு இளைஞர்க்கு அளிக்க விரும்பிய கோஜோங் மன்னர், ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்களை அனுப்புமாறு அமெரிக்க அரசைக் கேட்டுக்கொண்டார். அவ்வழைப்பை ஏற்றுப் புறப்பட்ட மூவருள் ஒருவர் ஹல்பர்ட். மற்ற இருவர் பங்கர், கில்மோர் என்போர். 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் தொடக்கத்தில் அவர்கள் கொரிய மண்ணில் கால் வைத்தபோது ஹல்பர்ட்டுக்கு வயது 23. அந்நாட்டு மொழியில் அவர் முற்றிலும் புதியவர்.

நான்கு நாளில் எழுத்து

இன்று ஒரு மொழியைக் கற்க நூல்கள் உள, ஒலிநாடாக்கள் உள, கையடக்கக் கருவியிலேயே பாடங்கள் உள. அன்று கொரிய மொழிக்கு ஆங்கிலத்தில் இருந்தவை ஜான் ராஸ் என்பார் 1877-இல் வெளியிட்ட சிறு பாடநூல் போன்ற ஒன்றிரண்டே. பிரெஞ்சுப் பாதிரிமார் 1880-இல் ஓர் அகராதியும், 1881-இல் ஓர் இலக்கணமும் அச்சிட்டிருந்தனர். மற்றபடி கற்பவனுக்குக் காதும் வாயுமே துணை.

ஹல்பர்ட் முதலில் எழுத்தைக் கற்றார். நான்கே நாளில் அவ்வெழுத்துகளை எழுதவும் படிக்கவும் தேர்ந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. இதில் அவருடைய கூர்மதிக்குப் பங்குண்டு. எனினும் பெரும்பங்கு அவ்வெழுத்தை ஆக்கித் தந்தவரைச் சாரும். அவர் செஜோங் என்னும் பேரரசர். கற்றவர் மட்டுமே அறிந்த சீன எழுத்துகளால் ஏழை மக்கள் தம் குறையை எழுதி முறையிடவும் இயலாதிருத்தலைக் கண்டு வருந்திய அவ்வரசர், 1443-இல் 28 எழுத்துகளை வகுத்து 1446-இல் நாட்டுக்கு அளித்தார். இன்று ஹங்குல் என வழங்கும் அவ்வெழுத்துகளில் 24 இப்போது வழக்கில் உள்ளன.

இவ்வெழுத்துகளின் சிறப்பு யாது? ககர ஒலியைப் பிறப்பிக்கும்போது நாவின் அடி எவ்வாறு உயர்ந்து தொண்டையை அடைக்கிறதோ அவ்வடிவே ககர எழுத்து. நாநுனி மேலண்ணத்தைத் தொடும் வடிவே நகரம். மூடிய வாயின் வடிவே மகரம். வானம், நிலம், மனிதன் என்னும் மூன்றையும் குறிக்கும் புள்ளி, கிடைக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றின் சேர்க்கையே உயிரெழுத்துகள். ஒலி பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பிறப்பியலில் ஆராய்ந்த தொல்காப்பியத்தைப் பயிலும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். நம் இலக்கணத்தார் ஒலியின் பிறப்பை விளக்கினர். செஜோங் அப்பிறப்பையே எழுத்தின் வடிவாக்கினார்.

எழுத்து எளிது, மொழி எளிதன்று. ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கும். கொரியத்தில் வினை இறுதியில் நிற்கும். வேற்றுமைப் பொருளைக் காட்டும் சொல் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்வரும். கொரியத்தில் பெயரின் பின் ஒட்டும். கேட்பவரின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப வினையின் ஈறு மாறும். எண்களிலோ இருவகை. ஹானா, துல், செத் என்பது நாட்டு வழக்கு. இல், இ, சாம் என்பது சீன வழியாக வந்த வழக்கு. மணியைச் சொல்லும்போது மணிக்கு ஒரு வழக்கையும் நிமிடத்திற்கு மற்றொரு வழக்கையும் ஆள வேண்டும். இவற்றையெல்லாம் ஹல்பர்ட் ஆண்டுக்கணக்கில் மக்களோடு பழகிப் பழகியே கற்றார்.

அறிஞர் காணாததைக் கண்டவர்

எழுத்தைக் கற்ற சில நாளிலேயே ஒன்று அவர் உள்ளத்தை உறுத்தியது. இத்துணைச் சிறந்த எழுத்தை அந்நாட்டுக் கற்றோரே இகழ்ந்தனர். அதனைப் பெண்டிர்க்கும் எளியோர்க்கும் உரியதென ஒதுக்கிவிட்டுச் சீன எழுத்தில் எழுதுவதையே புலமையெனக் கொண்டனர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் இருந்த செல்வம், நான்கு நாள் பழகிய அயலவர் கண்ணுக்குச் செல்வமாகத் தெரிந்தது. உடையவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தாய்மொழியில் அறிவியலைப் பயில்வது இயலுமா என்று இன்றும் ஐயுறுவோர் நம்மிடையே உளர். அவர்கள் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1886 செப்டம்பரில் யுக்யோங் கோங்வோன் என்னும் அரசுப் பள்ளி திறக்கப்பட்டது. மாணவர்கள் உயர்குடி இளைஞரும் இளம் அலுவலருமே. ஆங்கிலத்தைப் பதவிக்குப் படியாகக் கருதியோர் அவருள் பலர். உலகம் எத்தகையது, எந்நாடு எங்குள்ளது என்பதே அறியாத நிலையில் நாடு இருப்பதை உணர்ந்த ஹல்பர்ட் ஒரு முடிவுக்கு வந்தார். சிலருக்கு ஆங்கிலம் கற்பிப்பதை விட, அனைவர்க்கும் அவரவர் மொழியிலேயே உலக அறிவை வழங்குவது மேல் என்பதே அது.

அவ்வெண்ணத்தின் கனியே சாமின் பில்ஜி என்னும் நூல். உயர்ந்தோரும் பொதுமக்களும் அறிய வேண்டுவன என்பது அப்பெயரின் பொருள். கொரியாவுக்கு வந்து நான்கைந்து ஆண்டு நிறையுமுன், 1890-ஆம் ஆண்டையொட்டி, அவர் இதனை எழுதி முடித்தார். ஞாயிறும் கோள்களும், கண்டங்களும் கடல்களும், ஒவ்வொரு நாட்டின் ஆட்சி, விளைபொருள், வாணிகம் முதலியனவும் இதில் விளக்கப்பட்டன. முழுவதும் ஹங்குல் எழுத்திலேயே அமைந்த முதற் பாடநூல் இதுவே என்பர். தம் எழுத்தைத் தாமே இகழும் நிலை வருந்தத்தக்கது என்பதை அவர் முன்னுரையில் பணிவோடு எடுத்துரைத்தார். நூலின் பயனை உணர்ந்த பின்னர், 1895-இல் இது சீன மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அயலவர் எளிய மொழியில் எழுதியதை நாட்டறிஞர்க்காகச் சீனத்தில் பெயர்க்க நேர்ந்தமை காலத்தின் விந்தை எனலாம்.

அச்சகமும் ஏடும்

1891-இல் தாயகம் திரும்பிய ஹல்பர்ட், 1893-இல் மெதடிஸ்ட் சபையின் பணியாளராக மீண்டும் சியோல் நகருக்கு வந்தார். அங்கு மும்மொழி அச்சகத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொரியம், சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் நூல்களை அச்சிட்டமையால் அப்பெயர் வந்தது. 1896 ஏப்ரல் 7-ஆம் நாள் சோ ஜே-பில் என்பார் தொடங்கிய சுதந்திரம் என்னும் பொருள்படும் செய்தித்தாள் இவ்வச்சகத்திலேயே அச்சாயிற்று. கொரியப் பகுதி முழுவதும் ஹங்குல் எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம்விட்டு அச்சிடப்பட்டது. அதற்குமுன் சொற்களைப் பிரிக்காமல் தொடர்ந்து எழுதுவதே வழக்கம். ஓலைச்சுவடிகளில் புள்ளியும் இடைவெளியுமின்றி எழுதிய நம் முன்னோர் வழக்கை அறிந்தோர், இம்மாற்றம் படிப்பவர்க்கு எத்துணை உதவி என்பதை உணர்வர்.

அச்செய்தித்தாளில் பணியாற்றிய இளைஞர் ஜு சி-கியோங். பிற்காலத்தில் கொரிய இலக்கண ஆராய்ச்சியின் தந்தையெனப் போற்றப்பட்டவர். மண்ணின் மைந்தரான அவரும், கடல் கடந்து வந்த ஹல்பர்ட்டும் ஒரே எழுத்தின் உயர்வுக்காக ஒரே காலத்தில் உழைத்தனர். இன்று சியோல் நகரில் இருவருக்கும் ஒரே பூங்காவில் நினைவுச் சிலை அமைந்திருப்பது பொருத்தமே.

வயலிலும் தெருவிலும் மக்கள் பாடிய பாடலையும் ஹல்பர்ட் விட்டுவிடவில்லை. கொரியர் உயிரெனப் போற்றும் அரிராங் என்னும் நாட்டுப்பாடலை மேனாட்டு இசைக்குறியீட்டில் முதன்முதல் எழுதி 1896-இல் வெளியிட்டவர் அவரே. வாய்மொழியாக வழங்கிய அப்பாடல் 2012-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழோடு ஓர் உறவு

1901 முதல் 1906 வரை கொரியா ரெவ்யூ என்னும் திங்களிதழை அவர் நடத்தினார். 1905-இல் கொரிய வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய மற்றொரு நூல் நம் கருத்தைக் கவர்வது. அது கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிட்ட இலக்கணம்.

கால்டுவெல் பெருமகனார் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை நாம் அனைவரும் அறிவோம். அவர் வகுத்துக் காட்டிய திராவிட மொழியியல்புகளைக் கொரிய இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஓரினம் என நிறுவ முயன்றார் ஹல்பர்ட். அவருக்கு முன்னரே பிரெஞ்சுப் பாதிரிமார் இவ்வொற்றுமையைச் சுட்டியிருந்தனர்.

ஒற்றுமை உண்டா? உண்டு. நான் பள்ளிக்குப் போகிறேன் என்பதைக் கொரியர் நா-நுன் ஹாக்க்யோ-யே காயோ என்பர். நா என்பது நான், ஹாக்க்யோ பள்ளி, யே என்பது நம் நான்காம் வேற்றுமை உருபின் இடத்தில் நிற்பது, காயோ என்பது போதலைக் குறிக்கும் வினை. ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல் தமிழாக்கலாம். சொல்லின் முதலில் வல்லோசையாகவும் உயிர்களின் இடையில் மெல்லிய ஓசையாகவும் ஒலிப்பது நம் ககரம். அவர்களுடைய ககரமும் அவ்வாறே ஒலிக்கும். அவர்களுடைய நாட்டுச் சொற்கள் நம்முடையவை போன்றே ரகரத்தில் தொடங்குவதில்லை. குழந்தை தந்தையை அழைக்கும் சொல் அங்கும் அப்பாவே. தமிழ் மாணவன் கொரியம் கற்கப் புகுந்தால் ஹல்பர்ட் பட்ட துன்பத்தில் பாதி அவனுக்கு இல்லை. வருகிறான், வருகிறாள் எனப் பால் காட்டும் ஈறும் அவர்கள் வினையில் இல்லாமையால் சுமை மேலும் குறையும்.

ஆயினும் உண்மையை உரைத்தல் வேண்டும். வினை இறுதியில் நிற்பதும் உருபு பின்னொட்டுவதும் உறவில்லாத பல மொழிகளுக்கும் பொது. குழந்தை மொழிச் சொற்கள் உலகெங்கும் ஒத்திருப்பதும் இயல்பு. எனவே ஹல்பர்ட்டின் முடிவை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. கொரியத்தைத் தனிக்குடும்பமாகவே கொள்கின்றனர். உலக மொழிகளெல்லாம் தமிழிலிருந்தே பிறந்தன எனக் கூறி மகிழ்வது எளிது. தமிழுக்குச் சிறப்பு அதனால் வருவதன்று. கடல் கடந்த நாட்டில் அமர்ந்து, நம் மொழிகளின் அமைப்பை ஆராய்ந்து, தாம் நேசித்த மொழிக்கு உறவு தேடிய அவருடைய ஆர்வமே நாம் போற்றத்தக்கது. முடிவு தவறினும் உழைப்பு தவறவில்லை.

மொழி தந்த கடமை

மொழியைக் கற்றவர் அம்மக்களின் துயரையும் கேட்க நேரும். 1895 அக்டோபரில் கொரிய அரசியார் அரண்மனையிலேயே சப்பானியரால் கொல்லப்பட்டார். தம் உயிருக்கும் அஞ்சிய மன்னர்க்கு, ஹல்பர்ட் உள்ளிட்ட அமெரிக்கர் சிலர் இரவெல்லாம் விழித்திருந்து காவல் புரிந்தனர்.

1905-இல் சப்பானின் பிடி இறுகியது. ஆபத்துக் காலத்தில் உதவுவதாக 1882 உடன்படிக்கையில் அமெரிக்கா வாக்களித்திருந்தது. அதனை நினைவூட்டிப் பேரரசர் கோஜோங் எழுதிய மடலை எடுத்துக்கொண்டு ஹல்பர்ட் வாஷிங்டன் சென்றார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரைக் காணவில்லை. நவம்பர் 17-ஆம் நாள் கொரியாவின் வெளியுறவு உரிமை வற்புறுத்திப் பறிக்கப்பட்டது. அதன் பின்னரே வெளியுறவு அமைச்சரிடம் அம்மடலைச் சேர்ப்பிக்க முடிந்தது. அதனால் பயனேதும் விளையவில்லை. தம் சொந்த நாடு வாக்குத் தவறியதை அவர் மறைக்கவில்லை. 1906-இல் எழுதிய கொரியாவின் மறைவு என்னும் நூலில் அதனை வெளிப்படையாகவே கண்டித்தார்.

1907-இல் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் உலக அமைதி மாநாடு கூடியது. பேரரசர் மூன்று தூதரை மறைவாக அனுப்பினார். அவர்களுக்குத் துணையாக ஹல்பர்ட்டும் ஐரோப்பா சென்று உழைத்தார். மாநாட்டின் கதவு திறக்கவில்லை. தூதருள் ஒருவரான யி ஜுன் அந்நகரிலேயே உயிர் நீத்தார். பேரரசர் முடிதுறக்கும்படி செய்யப்பட்டார். ஹல்பர்ட்டுக்கும் கொரியாவில் வாழும் வாய்ப்பு அற்றது. 1909-இல் குறுகிய காலம் வந்து சென்றதோடு சரி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியமர்ந்தார். 1910-இல் கொரியா சப்பானோடு இணைக்கப்பட்டது.

அதன்பின் அவர் ஓய்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று கொரியாவின் விடுதலைக்காகப் பேசினார். 1919-இல் அமெரிக்க மேலவைக் குழுவிடம் கொரிய மக்கள் பட்ட கொடுமைகளை எழுதி அளித்தார். அங்கே அவர் நேசித்த மொழிக்கும் சோதனை வந்தது. 1938 முதல் பள்ளிகளில் கொரியம் ஒதுக்கப்பட்டது. 1942-இல் அகராதி தொகுத்துக் கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தார் சிறைப்படுத்தப்பட்டனர். அறிஞர் இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிமுதலான அகராதிக் கையெழுத்துப்படி, விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சியோல் புகைவண்டி நிலையக் கிடங்கு ஒன்றில் கிடைத்தது. 1947-இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. ஒருகாலத்தில் கற்றோர் இகழ்ந்த எழுத்துக்காகக் கற்றோரே உயிர் கொடுத்தனர் என்பது வரலாறு.

திரும்பி வந்தார்

1948-இல் தென்கொரியக் குடியரசு அமைந்தது. அவ்வரசின் அழைப்பை ஏற்று, மனைவியை முந்திய ஆண்டில் இழந்திருந்த ஹல்பர்ட், 86-ஆம் அகவையில் தனியே கப்பலேறினார். உடல் தளர்ந்த நிலையில் 1949 சூலை 29-ஆம் நாள் அவர் இறங்கிய கொரியா, அவர் நாற்பதாண்டு காண ஏங்கிய கொரியா. ஆகஸ்ட் 5-ஆம் நாள், வந்த ஒரு வாரத்திலேயே, சியோல் மருத்துவமனையில் கண்மூடினார். மன்னரும் பெருமக்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைவிடக் கொரிய மண்ணில் புதைக்கப்படுவதையே தாம் விரும்புவதாக அவர் கூறியிருந்தார். அவ்விருப்பம் நிறைவேறியது. ஹான் ஆற்றின் கரையில் யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில், கைக்குழந்தையாக இறந்த தம் மகன் உறங்கும் அதே மண்ணில், அவரும் உறங்குகிறார். 1950-இல் விடுதலைப் பணிக்கான விருதும், ஹங்குல் நாளாகிய 2014 அக்டோபர் 9-இல் பண்பாட்டுப் பணிக்கான உயர்விருதும் அவர் நினைவுக்கு வழங்கப்பட்டன.

நண்பர்களே, ஹல்பர்ட் அரசியலில் மேற்கொண்ட முயற்சிகள் பலவும் தோல்வியே கண்டன. வாஷிங்டனில் கதவு திறக்கவில்லை, ஹேக்கில் திறக்கவில்லை. அவர் மொழியாராய்ச்சியும் நிலைக்கவில்லை. நிலைத்தது அவர் முதல் வாரத்தில் கண்ட உண்மை ஒன்றே. மக்களின் எழுத்தில் மக்களுக்கு அறிவு வழங்க வேண்டும் என்பதே அவ்வுண்மை. இன்று கொரியர் தம் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் தொழிற்கூடத்திலும் ஹங்குலிலேயே எழுதுகின்றனர்.

நம்முள் யாரேனும் நாளை கொரியத்தின் முதலெழுத்தை எழுதிப் பழகும்போது, கோடு கோணலாகும், நாக்கு புரளாது, கேட்போர் நகைக்கவும் கூடும். அஞ்ச வேண்டா. ஆசிரியராகச் சென்ற ஒருவர் மாணவராக அமர்ந்ததால்தான் ஒரு நாடு அவரைத் தன்னவராக ஏற்றது. அயல்மொழியைக் கற்கும் கண்ணோடு ஒருமுறை நம் மொழியையும் திரும்பிப் பார்ப்போம். நாம் மறந்து கிடப்பது எதுவென்று அப்போது விளங்கும்.